காதருக்கு நான் ஓட்டிய கப்பல்

ராஜபாளையத்துத் தியேட்டர் ஒன்றின் பைக் ஸ்டாண்டில், நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், ஒரு விண்வெளிக் கப்பலை வெடிக்க வைத்தது சரியா தப்பா என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டுக்காரர் டோக்கன் கட்டோடு நடுவில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் மொதல்ல வண்டிய எடுங்க. எந்தக் கப்பலா இருந்தாலும் ரோட்டுல போய் வெடிங்க" என்றார்.

அந்த இருவரில் சட்டைப் பொத்தான் அறுந்து நின்றவன் நான். பொத்தானை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசியதில் அது தானாகவே தெறித்துவிட்டது.

மற்றவன் காதர். என் பள்ளித் தோழன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது என்று கூமாப்பட்டியிலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் தூக்கிக்கொண்டு வருவார்கள். தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உயிர் கொடுத்து அனுப்புவான்.

என் பெயர் ஜெபராஜ். ராஜபாளையத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை. போன வாரம் இதே பக்கத்தில், கல்யாணப் பெண்ணிடம் அவள் மாமியாரின் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தனுப்பிய என் வீரச் செயலைப் படித்துச் சிலர் சிரித்தீர்களாம். இந்த வாரமும் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஸ்டாண்டில் நான் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

அதற்கு முன்னால் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உலை கொதிக்காத கப்பல்

ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர். எங்களுக்கு அது 'வடமீன்'. நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது.

பூமியை விட்டுக் கிளம்பி, குடியிருக்க ஒரு கிரகம் தேடிப் போகிற கப்பல் அது. வெர்னா என்ற பெண்தான் கேப்டன். டோபிக் என்றொரு எஞ்சினியர். முதலில் தொடர், பிறகு படங்கள், பிறகு படத்துக்கு முந்தைய கதை, அதற்கும் முந்தைய கதை என்று எத்தனையோ வருஷம் ஓடியும் கப்பல் போய்ச் சேரவில்லை. நாங்கள் மட்டும் பள்ளி முடித்து, கல்யாணம் முடித்து, முடி கொட்டி வேறொரு கிரகத்துக்கே வந்துவிட்டோம்.

தமிழ்ப்படுத்திய புண்ணியவான், கப்பலின் அணு எஞ்சினுக்கு 'உலை' என்று பெயர் வைத்திருந்தார். வாராவாரம் டோபிக் முகமெல்லாம் கரியோடு ஓடி வந்து, "கேப்டன், உலை கொதிக்கவில்லை" என்பான். அடுப்படியிலிருந்து காதரின் அம்மா, "அரிசியக் களஞ்சு வச்சிட்டுக் காத்துக் கெடக்கானாக்கும். வெறக உள்ள தள்ளச் சொல்லுங்கல" என்பார்.

அது வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்களுக்குக் கோயில் ஆராதனை நேரம். கடைசிப் பெஞ்சில் வாசலை ஒட்டி உட்கார்ந்து, காணிக்கைப் பை என்னைத் தாண்டியதும் காதர் வீட்டுக்கு நழுவிவிடுவேன். என் அப்பா பாடகர் குழுவில் சபையைப் பார்த்தபடி நிற்பவர். நான் நழுவுவது அவருக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். வாயில் பாட்டு இருப்பதால் கூப்பிட முடியாது. அந்த நேரத்தில் அவர் குரல் சற்று ஏறும். சபையார் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

காதர் டோபிக்கின் ஆள். நான் கேப்டனின் ஆள். அவன் ரசிப்பான், நான் தப்புக் கண்டுபிடிப்பேன். போன வாரம் இடது கையில் இருந்த காயம் இந்த வாரம் வலது கைக்கு எப்படி வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதினேன். அப்படி மூன்று நோட்டு நிரம்பியது. இயற்பியலில் நான் எடுத்த மதிப்பெண்ணை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

பத்தாவதோடு காதர் பட்டறைக்குப் போனான். வீட்டு நிலைமை. நான் மதுரைக்குப் போய்க் கண் பரிசோதனைப் படிப்பு முடித்து வந்தேன். வரும்போது ஒரு வியாதியையும் கொண்டு வந்தேன். வடமீனை இனி ஆங்கிலத்தில்தான் பார்ப்பது, தமிழில் பேசினால் சிறுபிள்ளைத்தனம் என்கிற வியாதி. அதற்கு எந்தப் பவரிலும் கண்ணாடி கிடையாது.

ஸ்டாண்டில் சொன்னது

நீண்ட இடைவெளிக்குப் பிறகு புதிய வடமீன் படம் வந்தது. முதல் காட்சிக்குக் காதரும் நானும் போனோம். தமிழில் பேசிய பிரதிதான் வந்திருந்தது. அதையே பெரிய மனதோடு மன்னித்துத்தான் உட்கார்ந்தேன்.

பத்தாவது நிமிஷத்தில் வடமீன் வெடித்துச் சிதறியது. எங்கள் கப்பல். அதற்குப் பதிலாக மிக்சி மூடி மாதிரி ஒரு புதுக் கப்பல் வந்தது. அதில் பல் விளக்கும் விளம்பரத்தில் வருகிற மாதிரி ஐந்து இளைஞர்கள். வெர்னாவும் டோபிக்கும் எங்கோ தப்பிப் பிழைத்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

நான் கொதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளம்பரப் பிள்ளைகளுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தேன். கதை இல்லை, அறிவியல் இல்லை, வெட்கம் இல்லை என்று வரிசையாக அடுக்கினேன். அவனும் பதிலுக்குப் பதில் கத்திவிட்டு, கடைசியில், "கப்பல் போனா என்னல? ஆளுக இருக்காகல்ல. அவுக எங்கயாச்சும் போய்ச் சேந்தாப் போதாதா?" என்றான்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. சுற்றி இருபது பேர் வண்டி எடுத்துக்கொண்டு நிற்கும்போது, சத்தமாகச் சொன்னேன். "பத்தாவது தாண்டாதவனுக்கு இதுக்கு மேல என்னல புரியும்?"

இதுதான் அந்த வாக்கியம்.

காதர் வண்டியை எடுத்தான். ஸ்டாண்டுக்காரரிடம் டோக்கனைக் கொடுத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திரும்பிப் போனான்.

ஏலத்தில் போன கப்பல்

வீட்டுக்கு வந்து என் மனைவி எஸ்தரிடம், "இனிமே வடமீனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று அறிவித்தேன். அவள் பள்ளி ஆசிரியை. விடைத்தாளிலிருந்து நிமிராமல், "சரி, தட்டு எடுத்து வைங்க" என்றாள். முப்பது வருஷப் பந்தம் முறிந்த இரவில் எங்கள் வீட்டில் உப்புமா.

நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டேன். மதுரையில் அலைந்து வாங்கிய பிளாஸ்டிக் வடமீன் ஒன்று இருந்தது. அதை அந்த வருஷம் கோயில் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருள்களை விடுகிற ஏலத்துக்குக் கொடுத்தேன். பூசணிக்காய்க்கும் ஒரு சேவலுக்கும் நடுவில் அது மேஜை ஏறியது. என்ன சாமான் என்று சொல்லத் தெரியாமல் ஏலம் விட்டவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் மம்சாபுரத்துக்காரர் ஒருவர் கொசுவத்தி ஸ்டாண்டு என்று நினைத்து எடுத்துப் போனார். நன்றாகவே உதவுகிறது என்று பின்னாளில் சொன்னார்.

பிறகு வந்த வடமீன் எதையும் நான் பார்க்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அவங்க கெடுத்துட்டாங்க" என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். பக்கத்து ஜவுளிக்கடை ராஜா, அதுவரை வடமீன் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர், என் புலம்பலைக் கேட்டே அதன் மொத்தக் கதையையும் தெரிந்துகொண்டார்.

உண்மை வேறு. பார்த்தால் யாரிடமாவது பேச வேண்டும். நான் பேசுகிற ஆள் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருந்தான். மன்னிப்புக் கேட்கிற வேலையைத் தள்ளிப் போட, கெட்டுப்போன ஒரு படம் எனக்கு வசதியாக இருந்தது.

நாலு வருஷம் போய்விட்டது.

மூன்று கண்ணாடிகள்

ஒரு நாள் மத்தியானம் காதரின் மனைவி மும்தாஜ் கடைக்கு வந்தார். பையிலிருந்து மூன்று கண்ணாடிகளை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்றும் வெவ்வேறு கடைகளில் வாங்கியவை.

"ஒண்ணும் சரிப்பட்டு வரலைண்ணே. அவியளுக்கு எதப் போட்டாலும் கொஞ்ச நாள்ல தெரிய மாட்டேங்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் வந்தது அவியளுக்குத் தெரியாது."

ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துப் பவரைப் பார்த்தேன். எட்டு மாசத்துக்குள் வாங்கிய மூன்று கண்ணாடிகள். பவர் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. நாற்பதைத் தாண்டியவருக்குப் பவர் இப்படித் தாவினால், என் தொழிலில் இருப்பவன் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பான்.

"சுகர் பாத்தீங்களா தங்கச்சி?"

"பாத்தாச்சு. லேட்டாத்தான் பாத்தோம். மதுரைல ஊசி போட்டு, லேசர் வச்சு எல்லாம் முடிஞ்சது. ஓரத்துல தெரியுதாம். நடுவுல பொகையாக் கெடக்காம்."

என் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், பல் வலி என்று வழி கேட்க வந்தவரிடமும்கூட, சுகர் பாருங்கள் என்று உபதேசிக்கிறவன் நான். காதர் முதல் கண்ணாடியை என்னிடம் மாற்றியிருந்தால், இரண்டாவதுக்கு வந்தபோதே பிடித்திருப்பேன். அவன் ஏன் வரவில்லை என்று மும்தாஜ் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று கண்ணாடிகளையும் துணியால் துடைத்தேன். எதற்குத் துடைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"படிச்சுச் சொல்லு"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விட்டேன். வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை ஒத்திகை பார்த்தேன். நல்ல வாசகம். இரண்டு இடத்தில் எனக்கே குரல் கம்மியது.

காதர் முன்னறையில் நாற்காலியில் இருந்தான். பட்டறையை இப்போது மச்சான் பார்த்துக்கொள்கிறாராம். தலையைச் சற்றுத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் என்னைப் பார்த்தான்.

"யாரு, ஜெபராஜா?"

"எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"வாசல்ல வந்து நின்னு கனைக்கியே, நாடகத்துல ராஜா வாறாப்ல. வேற யாரு கனைப்பா? உக்காரு."

உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. மும்தாஜ் டீ கொண்டு வந்தார். குடித்தேன். மழை இல்லை என்றேன். ஆமாம் என்றான். இப்படியே பத்து நிமிஷம் போனது.

பிறகு அவன்தான் கேட்டான். "வடமீன் புதுத் தொடர் வந்திருக்காம்லா. பழைய வெர்னா, டோபிக் ரெண்டு பேரும் வாராகளாம். வெள்ளிக்கு வெள்ளி ஒண்ணு, மொத்தம் பத்து. பாத்தியா?"

"நான் அதெல்லாம் விட்டுட்டேன்."

"நான் விடல" என்றான். "டிவில போட்டுப் பாத்தேன். இங்கிலீசுல பேசுதாக. கீழ எழுத்து ஓடுது. ஆளு வருது, ஆளு போவுது, யாருன்னு புடிபடல. நீ படிச்சுச் சொல்லுதியா?"

பத்தாவது தாண்டாதவனுக்கு என்ன புரியும் என்று கேட்டவனிடம், அவன் படித்துச் சொல்லக் கேட்கிறான். ஞாயிறுதோறும் வருகிறேன் என்றேன். மறுபடியும் கனைத்தேன்.

முதல் வாரம் மோசமாகப் போனது. எழுத்தைப் படித்தேன், கூடவே திட்டினேன். "வெர்னா உள்ள வாறா. இந்த வயசுல இந்த மாதிரி உடுப்பு யாரு போடுவா? பின்னால ஒரு கிரகம் தெரியுது, கிராபிக்ஸ் கேவலம்."

காதர் கையை உயர்த்தினான். "ஏலே, எனக்குக் கிரகத்தக் காமி. கேவலமா இல்லையான்னு நான் சொல்லுதேன்."

ஒன்றைத் திட்ட வேண்டுமானால் சும்மா பார்த்தால் போதும். கண் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டுமானால் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிரகம் என்ன நிறம் என்று கேட்டான். ஊதா என்றேன். எந்த ஊதா, கத்திரிக்காயா, நவாப்பழமா என்றான். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பழுத்த நவாப்பழத்தை நசுக்கினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். அதைப் போட்டவன் கேவலமாகப் போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

டோபிக்கின் தொண்டை

மூன்றாவது வாரம் டோபிக் செத்துப்போனான்.

வயதான டோபிக். கை நடுங்குகிறது, கண் மங்கிவிட்டது, புதுக் கப்பலில் அவனுக்கு வேலை கிடையாது. உலை நின்றுபோகிற நேரத்தில் உள்ளே போனான். வெளியே வரவில்லை.

நான் நாற்காலி நுனியில் இருந்தேன். பக்கத்தில் காதர். கம்பி சுற்றிக்கொண்டிருந்த கைகள் மடியில் சும்மா கிடந்தன. டோபிக்கின் ஆள்.

"என்னாச்சுல?" என்றான்.

"சரி பண்ணிட்டான்" என்றேன். "வெளிய வந்துட்டான்."

டிவியில் சாவு இசை ஓட ஆரம்பித்தது. எல்லாரும் வரிசையாக நின்று அழுதார்கள்.

"இதென்னல அழுகுதாக?"

"சந்தோஷத்துல."

"சந்தோஷத்துக்கா இம்புட்டு இழுவையா வாசிக்கான்?"

"வெளிநாட்டுக்காரன் அப்பிடித்தான்" என்றேன்.

அன்றைக்குத் தப்பித்துவிட்டேன். ராஜபாளையம் திரும்புகிற வழியில்தான் உறைத்தது. இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. செத்தவனை நான்தான் ஏழு வாரம் காப்பாற்ற வேண்டும்.

முதல் சிக்கல், அவன் குரல். டோபிக் இருந்தால் ஏன் பேசவில்லை? உலையின் புகையில் தொண்டை போய்விட்டது, இனிச் சைகைதான் என்று வைத்தேன். காதர், "பாவம்" என்றான். அந்த வாரமே அவனைப் படுக்கையிலும் போட்டேன். அடுத்த வாரம் ஊன்றுகோல் கொடுத்தேன். ஐந்து இளைஞர்களில் ஒருவன் எஞ்சினைப் பழுது பார்த்தால், அவன் தலையை வெட்டிவிட்டு டோபிக்கின் தலையை ஒட்டினேன்.

காதர் விடாமல் கேள்வி கேட்டான். "இப்ப டோபிக் எங்க நிக்கான்?" "தூண் பக்கத்துல." "போன சீன்ல கட்டில்லல்லா கெடந்தான்?" "எந்திரிச்சு வந்தான்." "ஊன்றுகோல் இருக்கா?" "இருக்கு." அவனுக்கு டோபிக் மேல் இவ்வளவு பிரியம் என்று எனக்கு மனசு நெகிழும்.

தப்பு வரக்கூடாது என்று வெள்ளிக்கிழமையே கடையில் போனில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பிறகு சனிக்கிழமையும். பொய்யை எங்கே செருகலாம் என்று தேட, உண்மையான கதை முழுவதும் தெரிய வேண்டியிருந்தது. கப்பலில் எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்று பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டேன். அந்தச் சீட்டு ஒன்று வாடிக்கையாளரோடு போய், அவர் கிருஷ்ணன்கோவிலிலிருந்து போன் செய்தார். "சார், பவர் சரி. பின்னால 'டோபிக், தொண்டைக் கட்டு, அடுத்த வாரம் அவிழ்க்கலாமா'ன்னு போட்டிருக்கீங்க. அது எனக்கா?"

ராஜா எட்டிப் பார்த்து, "ஏமய்யா ஜெபராஜ், யாருக்குத் தொண்டை சரியில்ல? டாக்டரப் பாக்கச் சொல்லும்" என்றார்.

வீட்டில் குளிக்கும்போது, உலை இல்லாமல் கப்பல் எத்தனை நாள் மிதக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது. எஸ்தர் கதவைத் தட்டினாள். "என்னங்க, மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"காதருக்காகத்தான்" என்றேன்.

"ஆமா ஆமா" என்றாள்.

மும்தாஜ் வாய் தவறியது

எட்டாவது வாரம். வெர்னா ஜன்னல் ஓரம் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான், "டோபிக் பின்னால வந்து அவ தோள்ல கை வைக்கான்" என்று கதை விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே கண் கலங்கும் அளவுக்குச் சொன்னேன்.

பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்த மும்தாஜ் டிவியைப் பார்த்துவிட்டு, "பாவம், டோபிக்க நெனச்சுக்கிட்டு நிக்கா. அந்தச் சாவ அவளால மறக்க முடியல" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் வாயில் கை வைத்தார்.

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"தங்கச்சி, ஒங்களுக்கு எப்பிடி...?"

மும்தாஜ் காதரைப் பார்த்தார். காதர் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கினான். "சொல்லிரு."

விஷயம் இதுதான். மூன்றாவது வாரம் நான் கிளம்பிப் போன பிறகு, காதருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இழுவை இசைதான் காரணம். மறுபடி போடச் சொல்லியிருக்கிறான். மும்தாஜ் ரிமோட்டில் எதையோ அழுத்த, டிவி தமிழ் பேச ஆரம்பித்திருக்கிறது. மூன்று வாரமாக நான் எழுத்துக்கூட்டி மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தொடரில், ஆரம்பத்திலிருந்தே தமிழ் ஒலி இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில்தான் பார்ப்பேன் என்கிற பெருமையில் நான் அந்தப் பொத்தான் பக்கமே போகவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து வந்து, கணவனும் மனைவியும் தமிழில் உண்மைக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் கதையைக் கேட்டிருக்கிறார்கள்.

"ரெண்டு கப்பல் ஓடிச்சுல எனக்கு" என்றான் காதர். "ஒண்ணுல டோபிக் செத்துட்டான். ஒண்ணுல ஊன்றுகோலோட ஓடுதான். அந்த அஞ்சாவது வாரம் ஊன்றுகோல வச்சே கதவத் தெறந்தான்னு சொன்னியே, அது நல்லாருந்துச்சு. ஆறாவது வாரம் கேவலம்."

எனக்கு முகம் எரிந்தது. "தெரிஞ்சப்பவே ஏன் சொல்லல?"

அவன் பஜ்ஜியைத் தடவி எடுத்தான்.

"தமிழ்ல வருதுன்னு சொன்னா, பொறவு நீ எதுக்கு வரணும்?"

மும்தாஜ் உள்ளே போய்விட்டார்.

நாலு வருஷமாகத் தள்ளிப் போட்டதை அப்போது சொன்னேன். ஒத்திகை பார்த்த வாசகம் அல்ல. "அன்னைக்கு ஸ்டாண்டுல நான் சொன்னது தப்பு. நீ என் கடைக்கு வந்திருந்தா நான் கண்டுபுடிச்சிருப்பேன்ல காதர். அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு."

"நான் வந்திருக்கலாம்" என்றான். "ராஜபாளையம் வரைக்கும் வந்து, ஒன் கடையத் தாண்டிப் போய்த்தான் ரெண்டாவது கண்ணாடி வாங்குனேன். வீம்பு. ஒனக்கு மட்டுந்தான் இருக்கணுமா?"

பஜ்ஜி முழுவதையும் சாப்பிட்ட பிறகு சொன்னான். "டோபிக்கோடது நல்ல சாவுதாம்ல. உலைய நிக்க விடாமப் பாத்துட்டுத்தான் போனான். அத நீ என்கிட்ட மறைச்சிருக்க வேண்டாம். நான் தாங்குவேன்."

வீட்டுக்குப் போய் அந்த மூன்றாவது பகுதியை மறுபடி போட்டேன். தமிழில். பொய் சொல்லும் அவசரத்தில் நான் பார்க்காமல் விட்டது நிறைய இருந்தது. மங்கிய கண்ணோடு டோபிக் எஞ்சினைக் கையால் தடவித் தடவிப் பழுதைக் கண்டுபிடிக்கிறான். யாரும் எதையும் கெடுக்கவில்லை. நன்றாகவே செய்திருந்தார்கள். எஸ்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் முந்தானையை நீட்டினாள்.

பத்தாவது வாரம்

கடைசிப் பகுதியை மூன்று பேரும் சேர்ந்து, தமிழிலேயே, ஞாயிறு மத்தியானம் பார்த்தோம். யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம். தமிழ் ஒலி இருந்ததால் எனக்கு வேலை இல்லை. ஓரமாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

கப்பல் கடைசியில் ஒரு கிரகத்தில் இறங்கியது. கதவு திறந்தது. அதோடு பேச்சு நின்றுவிட்டது. இசையும் இல்லை. படம் மட்டும் ஓடியது.

காதர் தலையை இங்கும் அங்கும் திருப்பினான். "என்னல, கரண்டு போச்சா?"

"இல்ல. யாரும் பேசல."

"அப்பச் சொல்லு."

முறுக்கைக் கீழே வைத்தேன். "வெர்னா படியில எறங்குதா. முட்டு வலி போல. கம்பியப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா. அந்த அஞ்சு பேரும் கீழ எறங்கிட்டானுக. என்ன செய்யன்னு தெரியாம நிக்கானுக. ஒருத்தி செருப்பக் கழட்டுதா. மண்ணு செவப்பா இருக்கு, நம்ம மம்சாபுரம் மண்ணு மாதிரி. மேல மேகம்."

"ம்."

"மழை வருது."

"மழையா?"

"ஆமா. அந்தப் பிள்ளைக எல்லாம் கப்பல்லயே பொறந்ததுக. அதுகளுக்கு மழைன்னா என்னன்னே தெரியாது. ஒருத்தன் பயந்துபோய்க் கையால தலைய மூடுதான். ஒருத்தி அண்ணாந்து வாயத் தெறக்கா. வெர்னா அதுகளப் பாத்துச் சிரிக்கா. அவ ஒருத்திக்குத்தான் தெரியும்."

டிவியிலிருந்து மெதுவாகத் தூறல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காதர் முகத்தை உள்பக்கம் திருப்பினான்.

"மும்தாஜு, நெசமாவே மழையா? இல்ல இவன் கதை விடுதானா?"

மும்தாஜ் என் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை ஒருமுறை பார்த்தார்.

"மழைதான். அண்ணன் சொல்றது சரிதான்."

"அப்பச் சரி" என்றான் காதர். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "நீ சொல்லுல. ஒண்ணு விடாமச் சொல்லு."